அவள் ஒளித்த எண்

கேக்கின் மேல் என் மனைவியின் முகத்தை அச்சிட்டிருந்தார்கள். சாப்பிடக்கூடிய மையாம். ஏற்பாடு செய்த அலுவலக உதவியாளர் பெருமையாகச் சொன்னார்: "போட்டோ அனுப்பினா போதும் சார், அப்படியே போட்டுக் குடுத்துடறாங்க." அடையாள அட்டையில் இருந்த படம். அவளுக்கே பிடிக்காத படம். அதில் ஒரு கண் மற்றதைவிடச் சிறிதாக இருக்கும். கேக்கில் இன்னும் சிறிதாகிவிட்டது.

கூட்ட அறை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அத்தையை உட்கார வைத்திருந்தார்கள். என் மனைவியின் அம்மா. மகள் இறந்த அன்று வந்தவர், என்னோடுதான் இருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். யாரோ அவர் கையில் டிஷ்யூ பெட்டி ஒன்றைத் திணித்திருந்தார்கள், அழ வேண்டிய இடத்தில் அழுவதற்கு.

எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். கையில் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார். அன்றும் வைக்கவில்லை.

"இன்னிக்குத் திறக்கப்போறது வெறும் பெட்டி இல்ல. ஒரு பொண்ணோட கனவு. அவ எனக்கு ஸ்டாஃப் இல்ல. என் பொண்ணு மாதிரி."

குரல் உடைந்தது. உடையும் என்று எனக்குத் தெரியும்; காலையில் ஒலிபெருக்கியைச் சோதித்தபோதும் அதே இடத்தில்தான் உடைந்தது. அவள் உயிரோடு இருந்தபோது அவளை அவர் 'கெடுபிடி மேடம்' என்றுதான் கூப்பிட்டார். முகத்துக்கு நேராகவே.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அளப்பது பழைய வெளிச்சம். பிரபஞ்சம் தகித்துக்கொண்டிருந்த காலத்தில் கிளம்பியது. வரும் வழியில் நீண்டு நீண்டு இன்று மைக்ரோ அலையாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சீராக வருகிறது, ஏறத்தாழ. அந்த ஏறத்தாழதான் எங்கள் பிழைப்பு. கொஞ்சம் சூடான திட்டுகள், கொஞ்சம் குளிர்ந்த திட்டுகள். ஒரு திட்டு உண்மையில் எவ்வளவு பெரிது என்று இயற்பியல் சொல்லிவிடும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். வானத்தில் அது எவ்வளவு கோணத்துக்கு விரிந்து தெரிகிறது என்று அளந்துவிட்டால், நடுவில் இருக்கும் வெளி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். சுமார் ஒரு டிகிரி என்றால் வெளி தட்டை. அங்கே முக்கோணம் வரைந்தால் பள்ளிக்கூடத்தில் படித்தது போலவே நூற்றெண்பது வரும். திட்டு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் வெளி பந்தின் மேற்பரப்பு போல வளைந்தது. சிறிதாகத் தெரிந்தால் குதிரைச் சேணம் போல. எங்களுக்கு முன்னால் அளந்தவர்கள் தட்டை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. தட்டை வர வேண்டும் என்று நினைப்பவன், தட்டை வரும்வரை பிழை தேடுவான்; வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவான். பெயர் வாங்க நினைப்பவன் வளைவு வரும்வரை தேடுவான். அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டு அளக்கிறோம். தொடக்கத்திலேயே எல்லாக் கோணங்களையும் ஒரு ரகசிய எண்ணால் கொஞ்சம் சுருக்கியோ நீட்டியோ விடுவது. அந்த எண்ணை நிரலே குலுக்கி எடுத்து, பெட்டியில் போட்டதுபோலப் பூட்டி வைத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. நிரலை எழுதியவளுக்கும் தெரியாது. எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பெட்டியைத் திறப்போம். எண் வெளியே வரும், கோணங்கள் பழைய அளவுக்குத் திரும்பும், விடை தெரியும். அதற்குப் பிறகு யாரும் எதையும் மாற்றக்கூடாது.

நிரலை எழுதியது அவள். விதிகளை எழுதியதும் அவள். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். மதியம் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. நான் அப்போது கீழ்த்தளத்தில் உணரிகளைக் குளிர்விக்கும் எந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையில் கிரீஸ் இருந்தது. கழுவிக்கொண்டுதான் போனேன்.

பெட்டிக்கு இரண்டு கடவுச்சொற்கள். ஒன்று மைக்கிடம். அவளுடையதை எனக்கு மாற்றியிருந்தார்கள். "நீங்கதானே தம்பி வாரிசு" என்றார் மைக். சொல்லிவிட்டுப் பின்கழுத்தில் கை வைத்தார். ஈரமான கை.

இருவரும் தட்டச்சு செய்தோம். திரையில் வரைபடம் வந்தது. திட்டுகளின் அளவைக் காட்டும் முதல் மேடு இருக்க வேண்டிய இடத்தைவிட்டு இடப்பக்கம் தள்ளி நின்றது. திட்டுகள் பெரியவை. வெளி வளைந்தது. பிரபஞ்சம் பந்து.

பிறகு கைதட்டல். நாற்காலிகள் விழுந்தன. மைக் அழுதார். அத்தை யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

பிறகு கேக்கை வெட்டினார்கள். நெற்றியிலிருந்து தொடங்கினார்கள். ஒருவர் விரலில் ஒட்டியிருந்த அவளுடைய தலைமுடிக் கறுப்பை நக்கினார். "செம்ம டேஸ்ட்" என்றவர், நான் பார்ப்பதைப் பார்த்து முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

காரில் அத்தை மடியில் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை வைத்திருந்தார்.

"என்ன அத்தை அது?"

"நெத்தி. எனக்குக் குடுத்தாங்க. எப்படிச் சாப்பிடறது மாப்ள? கீழ போடவும் மனசு வரல."

பொட்டலத்திலிருந்து வெண்ணெய் கசிந்து புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் புடவையில் இறங்கிய வெண்ணெயை முந்தானையால் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுவதுதான் அவர் வழக்கம்.

"உலகமே உருண்டைன்னு கண்டுபிடிச்சிருக்காடி என் பொண்ணு."

"அது மூணாங்கிளாஸ் புக்குலயே இருக்கேக்கா."

"மக்கு. அது பூமி. இது மொத்தமும்."

"மொத்தமும்னா?"

"மொத்தமும்னா மொத்தமும்தான். நீயும் நானும் உன் மாமியாரும் எல்லாம் சேத்து. ஆராய்ச்சிப் பேப்பர்ல முதல் பேரு அவளுதாம். தலைவர் சொன்னார். கண்டுபிடிச்சதுக்கு அவ பேரையே வைக்கப் போறாங்களாம்."

அன்று இரவு அத்தை இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அவள் போன பிறகு அதை நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "வளைஞ்சிருந்தா என்ன ஆகும் மாப்ள?"

"நேராப் போய்க்கிட்டே இருந்தா கடைசியில கிளம்பின இடத்துக்கே வந்துடலாம்."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"வர முடியாது அத்தை. அவ்ளோ நாள் கிடையாது."

"சும்மா கேட்டேன்" என்றார்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்தபோதுதான் அந்த எண்ணைப் பார்த்தேன். முந்தைய நாள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் விடையைப் பார்த்தார்கள். பெட்டியிலிருந்து வந்த எண் திரையின் மூலையில் சின்னதாகக் கிடந்தது. நிரல் குலுக்கி எடுத்தது மூன்று சதவீதச் சுருக்கம். அதைச் சரிசெய்ய, பெட்டி திறந்தபோது எல்லாக் கோணமும் மூன்று சதவீதம் நீண்டது.

எங்கள் திட்டுகள், தட்டையான வெளியில் இருக்க வேண்டியதைவிட எவ்வளவு பெரிதாகத் தெரிந்தன என்று பார்த்தேன்.

மூன்று சதவீதம்.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வாந்தி வருவது போல இருந்தது. எழுந்து சிற்றுண்டி அறைக்குப் போய்த் தண்ணீருக்காகக் குளிர்பெட்டியைத் திறந்தேன். நடுத்தட்டில் மீதிக் கேக். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார்கள். தாடையும் பாதிக் காதும் மிஞ்சியிருந்தன. தூக்கிப் போட யாருக்கும் தைரியமில்லை போலிருக்கிறது, தின்னவும் இல்லை. நான்தான் போட்டேன். தட்டைக் கழுவினேன். தொட்டியில் கொழுப்பு அடைத்துக்கொண்டது. விரலைவிட்டு எடுத்தேன்.

பிறகு இஸ்திரியைத் தேடிப் போனேன்.

கோணங்களுக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்குப் பிறகு இஸ்திரி. மூத்தவர், பண்பானவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, அதனால் அந்தப் பெயர். தரவிலும் சுருக்கம் இருந்தால் பொறுக்கமாட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எட்டு மாதமாக என்னைப் பார்க்கும் எல்லோரும் அப்படித்தான் எழுந்து நிற்கிறார்கள், நானே பிணம் என்பது போல.

"வாங்க, உக்காருங்க. காபி சொல்லட்டுமா?"

"வேணாம் சார். கோண அளவை யாராவது தொட்டீங்களா? அவ போனதுக்கு அப்புறம்?"

அவர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"அது... உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"சொல்லுங்க."

"மேடம் கணக்குல சின்னதா ஒரு தப்பு இருந்துச்சு. யாருக்கும் வர்றதுதான். வானத்துல பளிச்சுன்னு தெரியற ரேடியோ கேலக்ஸிங்க இருக்கே, அதுங்களுக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு அட்டவணையில ஏற்கெனவே இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பாத்தேன். நம்ம கோணம் எல்லாம் கொஞ்சம் சின்னதா இருந்துச்சு. சரிபண்ணிட்டேன்."

"எவ்ளோ சின்னதா?"

"மூணு பர்சென்ட்."

"அந்த ஒப்பீட்டை அவ பூட்டி வெச்சிருந்தாளே. பெட்டி திறக்கறவரைக்கும் அட்டவணையைத் தொடக்கூடாதுன்னு."

"தலைவர்தான் எடுக்கச் சொன்னார். கெடுபிடி மேடமே போயாச்சு, இன்னும் எதுக்குக் கெடு..." நிறுத்திக்கொண்டார். காது சிவந்தது.

"யார்கிட்டயும் ஏன் சார் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? செத்துப்போனவங்க மேல குறை சொல்லச் சொல்றீங்களா? அதுவும் அந்த மாசத்துல? உங்க முகத்தப் பாத்துக்கிட்டு? அவங்க பேருக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னுதான் சத்தமில்லாம..."

"சார், அது அவளோட தப்பு இல்ல. அதுதான் ரகசிய எண்."

அவர் என்னையே பார்த்தார்.

"பெட்டி கடைசிப் படியிலதானே இருக்கு?"

"முதல் படியில. அவ கோணத்தை எல்லாம் சரிபாத்து முடிச்சா. அதுக்கு மேலதான் எண் ஏறுச்சு."

இஸ்திரி உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் சட்டை கசங்கியதைப் பார்த்தேன்.

புரியாதவர்களுக்காக: வேண்டுமென்றே மூன்று விரல் உள்ளே பிடித்துத் தைத்த சட்டை. பிறகு பிரித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் ஒருவர் வந்தார். தையல்காரி தப்பாகத் தைத்துவிட்டாள், பாவம், செத்தும் போய்விட்டாள் என்று யாருக்கும் தெரியாமல் பிரித்துவிட்டார். பெட்டியைத் திறந்த அன்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து, கைதட்டி, இல்லாத தையலை இன்னொரு முறை பிரித்தோம். மூன்று விரல் அதிகமாகத் தொங்குகிறது. அதைத்தான் பிரபஞ்சத்தின் வளைவு என்கிறோம்.

"என்னைக் கேட்டிருக்கலாமே சார்."

"நீங்க அப்போ இருந்த நிலைமையில..."

"நான் எந்த நிலைமையிலயும் இல்ல."

உண்மை அதுதான். எனக்கு அழுகை வருவதில்லை. வந்தது எல்லாம் மற்றவர்களுடைய அழுகை. என் சட்டையில், என் தோளில், என் தபால் பெட்டியில். வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரங்களில். எட்டு மாதம் நான் பரிதாபத்தில் ஊறிக் கிடந்தேன். அது கடைசியில் தரவுக்குள்ளும் இறங்கிவிட்டது.

மைக்கின் அறையில் இரண்டு சோபாக்கள் உண்டு. தன் பக்கத்திலேயே உட்காரச் சொல்வார். நான் எதிரில் உட்கார்ந்தேன். கேட்டு முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். புத்திசாலி. பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"தற்செயலாக்கூட இருக்கலாம் இல்லையா தம்பி? ரெண்டும் மூணா இருக்கறது?"

"இருக்கலாம். ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"திறந்த பிறகு எதையும் மாத்தக்கூடாது. யார் போட்ட ரூல்? உங்க வீட்டம்மா போட்டது. அதை நான் மீறணுமா?"

"மாத்தச் சொல்லல சார். தப்பு தெரிஞ்சா வெளிப்படையாச் சொல்லணும்னும் அதே ரூல்ல இருக்கு."

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வாயில் புதினா வாடை.

"யோசிச்சுப் பாருங்க. தப்புன்னு சொன்னா யார் தலையில விழும்? நிரல் யாருது? கண்கட்டு வித்தை யாரோட ஐடியா? அந்தக் குழந்தையால வந்து பதில் சொல்ல முடியுமா? நான் எனக்காகப் பேசல. எனக்கென்ன, நாலு வருஷத்துல ரிட்டையர் ஆகறவன். அவ பேருக்காகப் பேசறேன். அந்த அம்மாவைப் பாத்தீங்க இல்ல, முன்வரிசையில? அந்தச் சிரிப்பை நீங்க எடுத்துடுவீங்களா?"

கண் நிரம்பிவிட்டது. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் குமட்டியது. அந்த மனிதர் பிரபஞ்சத்தை வளைத்துவிட்டு, அதற்காக உண்மையாகவே உருகிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும். அவளைப் பத்தி. வேற எதுவும் வேணாம்."

வீட்டில் அத்தை மகளின் பழைய படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார். பத்திரிகைக்குக் கொடுக்க நல்ல படம் கேட்டிருந்தார்களாம். மைக் எனக்கு முன்பே போன் செய்துவிட்டார்.

"இது எப்படி மாப்ள? இதுல ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்கு."

நான் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னேன். சட்டைக் கணக்கையும் சொன்னேன். முடித்ததும் அத்தை ஒரு படத்தை எடுத்துத் துடைத்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, இஸ்திரிக்கு, மைக்குக்கு. இப்போ உங்களுக்கு."

"சொல்லாதீங்க."

"அத்தை..."

"யாருக்கு நஷ்டம்? தட்டையா இருந்தா என்ன, உருண்டையா இருந்தா என்ன? அதனால நாளைக்கு பஸ்ஸு நிக்காம போயிடுமா? கரண்டு கட்டாயிடுமா?"

"பொய் அத்தை அது."

"எவ்வளவோ பொய் இருக்கு. ஆஸ்பத்திரியில என்கிட்ட என்ன சொன்னாங்க? வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கலயா?"

அவர் படத்தைக் கீழே வைத்தார்.

"அந்த வளைவு இருக்குன்னீங்களே. அது அவ ஒளிச்சு வெச்ச எண்ணுன்னீங்க."

"ஆமா."

"அப்போ அது அவதானே மாப்ள? வானம் பூரா அவதானே இருக்கா?"

சொல்லிவிட்டார். அந்த எண்ணைப் பார்த்த நொடியில் எனக்கும் அதுதான் தோன்றியது. பார்க்கும் இடமெல்லாம் மூன்று சதவீதம் அவள். குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று நான் அடக்கிக்கொண்டது கேக்கை நினைத்து அல்ல, இதை நினைத்துத்தான். அவள் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கக்கூட இல்லை. எந்திரம் குலுக்கிப் போட்டது. ஏழு வந்திருந்தால் ஏழு. அதில் அவளைத் தேடுவதும், கேக்கில் அவள் நெற்றியைத் தின்பதும் ஒன்றுதான்.

அதை அத்தையிடம் சொல்லவில்லை. "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

"உங்களுக்கு நெஞ்சு கல்லு" என்றார். கோபமாக அல்ல, கண்டுபிடித்தவர் போல.

வியாழக்கிழமை முழுக் குழுவும் கூடியது. மறுநாள் யார் எங்கே உட்கார வேண்டும், மைக் எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்பதற்கான ஒத்திகை. என் முறை வந்தது. நான் என் கணினியைத் திரையில் இணைத்தேன்.

"அவளைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அவ எழுதின நிரலைப் பத்திப் பேசறேன். வானத்துல ஒரு சின்னத் துண்டு எடுத்திருக்கேன், சில நிமிஷத்துல ஓடிடும். முதல் படியிலேர்ந்து கடைசிப் படி வரைக்கும், நாம ஓட்டின மாதிரியேதான், அட்டவணையோட ஒப்பிட்டுக் கோணத்தைச் சரிபண்ற படியும் சேத்து. ஒரே ஒரு வித்தியாசம். எண்ணை அது குலுக்கி எடுக்காது. நீங்க சொல்லுங்க. எந்த எண்ணை ஒளிச்சு வெச்சாலும் திறக்கும்போது ஒரே விடைதான் வரணும். அதுதான் பெட்டிக்கே அர்த்தம். சார், நீங்க ஒரு எண் சொல்லுங்க."

மைக் சிரித்தார். "இப்போ எதுக்குத் தம்பி இதெல்லாம்?"

"சொல்லுங்க சார்."

"நேரமாச்சு..."

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது: "ரெண்டு பர்சென்ட். சுருக்கறதுக்குப் பதிலா நீட்டிப் பாருங்க." இஸ்திரி. எழுந்து நின்றுதான் சொன்னார்.

தட்டினேன். காத்திருந்தோம். அறையின் குளிர்சாதனம் சொட்டிக்கொண்டிருந்தது. வரைபடம் வந்தது. மேடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. பிரபஞ்சம் குதிரைச் சேணம்.

யாரோ "ஐயய்யோ" என்றார்கள்.

"சைபர் போடுங்க" என்றது இன்னொரு குரல்.

போட்டேன். தட்டை. முன்னால் அளந்தவர்கள் எல்லோரும் சொன்ன அதே இடத்தில் மேடு.

"மூணு?"

பந்து. எங்களுடைய பந்து, கேக் வெட்டிக் கொண்டாடியது.

அதற்குப் பிறகு யாரும் எண் சொல்லவில்லை. கடவுள் செய்ய எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாரோ, நாங்கள் ஒரு காபி ஆறுவதற்குள் மூன்று பிரபஞ்சம் செய்துவிட்டோம். எனக்கு வெற்றி எதுவும் தோன்றவில்லை. எல்லோரும் மைக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். முகங்களில் அதே பரிதாபம். பாவம், மனைவியின் பெயரைத் தானே அடித்துக்கொண்டான் என்று.

"நான் முன்னாடியே சந்தேகப்பட்டேன்" என்றார் மைக்.

பத்திரிகைக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அத்தை பெட்டி கட்டிவிட்டார். தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றார். பேருந்து நிலையத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"பேப்பர் வருமா?"

"வரும். தட்டைன்னு."

"அவ பேரு?"

"இருக்கும். அகரவரிசையில, நடுவுல."

"இந்தக் குளறுபடியைப் பத்தி எழுதுவாங்களா?"

"எழுதித்தான் ஆகணும். பெட்டி திறந்த பிறகு மாத்தினது எல்லாத்தையும் எழுதணும்."

"யாரு பண்ணினதுன்னு எழுதுவாங்க?"

நான் பதில் சொல்லும்முன் வண்டி நகர்ந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. தட்டையோ உருண்டையோ அல்ல, இனி அது ஒன்றுதான் மிச்சம்.

மைக் எழுதிய வரைவு அடுத்த வாரம் வந்தது. அந்தப் பத்தி இப்படி இருந்தது: 'குழுவின் அன்புக்குரிய உறுப்பினர் ஒருவரின் அகால மறைவால் ஏற்பட்ட தொடர்ச்சியின்மை காரணமாக, கோண அளவீட்டில் ஒரு முரண்பாடு நேர்ந்தது.' நேர்ந்ததாம். மழை பெய்வது போல. செத்ததும் அவள், தவறுக்குக் காரணமும் அவள், அன்புக்குரியவளும் அவள். அதைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். சோப்புப் போட்டு.

தாளை எடுத்துக்கொண்டு இஸ்திரியிடம் போனேன். இந்த முறை அவர் எழுந்து நிற்கவில்லை.

"இது போகக்கூடாது சார்."

"போகாது" என்றார். "நான் வேற எழுதி வெச்சிருக்கேன். தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன்னார். அப்போ என் பேரை எடுத்துடுங்க, ஏன் எடுத்தேன்னு நானே எல்லாருக்கும் எழுதறேன்னேன். போட்டுட்டார்."

காட்டினார். படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அன்று மாலை அத்தைக்குப் போன் செய்தேன். நலம் விசாரிக்கவில்லை, அவரும் விசாரிக்கவில்லை.

"அந்தப் பத்தி வந்துடுச்சு அத்தை. படிக்கட்டுமா?"

"படிங்க."

நான் படித்தேன்: "'ரகசிய எண்ணைக் காக்க, வெளி அட்டவணைகளுடன் ஒப்பிடுவதைத் தடுக்கும் பூட்டு நிரலில் இருந்தது. நிரலை எழுதியவரின் இறப்புக்குப் பிறகு, குழுத் தலைவரின் அனுமதியுடன் அந்தப் பூட்டு நீக்கப்பட்டது. இந்தப் பகுதியை எழுதுபவர் மூன்று சதவீத வேறுபாட்டைக் கண்டு, அதை முன்னவரின் பிழை என்று தவறாகக் கருதி, யாரிடமும் சொல்லாமல் திருத்தினார். முன்னவரின் அளவீட்டில் பிழை இல்லை. பூட்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.'"

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"முன்னவர்னா அவளா?"

"அவதான்."

"இதுல எங்கயும் யாரும் அழல."

"இல்ல அத்தை."

"பாவம், அன்பு, அதெல்லாம் எதுவும் இல்ல."

"இல்ல."

"கடைசிக்கு முந்தின வரியை இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன்.